உறைபெட்டி காலியாகும்வரை

புந்தா அரேனாஸிலிருந்து வடக்கே போக
சொந்த நாட்டுக்குள் சாலை கிடையாது.
நாட்டைவிட்டு வெளியேறித்தான்
நாட்டுக்குள் நுழைய வேண்டும்.
போகையில் ஒரு முத்திரை, வருகையில் ஒரு முத்திரை,
நடுவே அர்ஜென்டினாவின் முடிவில்லாப் புல்.

யெர்கோ ஜூலையிலேயே விமானத்தில் போய்விட்டான்.
அந்தோஃபகாஸ்தாவில்
கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை.
இங்கே மழையே இல்லை என்று
இரவுதோறும் போனில் சொல்கிறான்,
ஏதோ தானே போய் நிறுத்தியதுபோல.

நான்கு நாள் போதும், திட்டம் போட்டு அனுப்பியிருக்கிறான்.
கட்டம் கட்டமாக, நிறம் நிறமாக.
அதில் யாருக்கும் சிறுநீர் வருவதில்லை.
எதிர்க்காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளுவதில்லை.
பதினோரு வயதுப் பையன் ஒருவன்
பின்னிருக்கையில் இருப்பதாகவே தெரியவில்லை.

என் திட்டம் காஸ் ரசீதின் பின்பக்கம்.
முதல் இரவு பியேத்ரா புவேனா.
இரண்டாவது கொமோதோரோ, காற்று விட்டால்.
மூன்றாவதுக்கு நேரே கேள்விக்குறி.
நான்காவதுக்கு நேரே அதுகூட இல்லை.

டயருக்கான பனிச்சங்கிலி
முதல் இரண்டு நாள் உயிர்காக்கும்.
பிறகு மூவாயிரம் கிலோமீட்டருக்கு வெறும் இரும்பு.
வழியில் விற்றுவிடேன் என்கிறான்.
யாரிடம், குவானாக்கோக்களிடமா?

குளிர்கோட்டுகளில் ஆளுக்கொன்று போதுமாம்.
சரி.
கொல்லையில் இருக்கும் ருபார்ப் கிழங்கை
எல்லையில் பிடுங்கிக்கொள்வார்கள்.
சரி, அது இங்கேயே முளைக்கட்டும்,
வீட்டை வாங்கியவள் வெங்காயமென்று நினைத்து
வெட்டிப்போடாமல் இருந்தால்.
குடை? இந்த ஊர்க் காற்றில் எவரும் குடை வைத்திருந்ததில்லை,
அங்கேயும் தேவைப்படாது.
இரண்டு ஊருக்கும் பொருத்தம் என்று
இதுவரை நான் கண்டது இது ஒன்றுதான்.

கிளம்பும் தேதியை யெர்கோ கேட்கிறான்.
நான் குறிக்கவில்லை, உறைபெட்டி குறிக்கிறது.
அரை ஆட்டில் இன்னும் ஒரு தொடை,
இரண்டு பை நண்டுச்சதை,
பேர் எழுதாத ஏதோ ஒரு சூப்.
தின்று தீர்த்தால் புறப்பாடு.

உறைபெட்டியை விலைபேசிய எரிபெர்த்தோ
அந்திக்கு ஒருதரம் வருகிறார்.
மூடியைத் திறந்து பார்க்கிறார், மூடுகிறார்.
ஒன்றும் சொல்வதில்லை.
அவருக்கும் ஒரு தட்டு வைக்கிறேன்,
வேகமாகச் சாப்பிடுங்கள், உங்கள் பெட்டிதான் என்று.

நேற்று அடித்தட்டைச் சுரண்டியபோது
கரண்டியில் இடறியது ஒரு பை.
'டான்கோ. தொடக்கூடாது.'
உள்ளே
பிள்ளையின் முட்டியளவு பனியுருண்டை,
ஒருபக்கம் விரல் பதிந்த தடம்,
பெரிய விரல்.

அப்பா கிளம்புவதற்கு முதல் நாள்
ரெண்டு பேரும் பிடிச்சது, என்றான் டான்கோ.
அங்கே பனி இல்லையாமே.
எடுத்துட்டுப் போகலாம்.

உருகிடும்டா, என்றேன்.
எங்கே வச்சு உருகும்?
காஸ் ரசீதைக் கேட்டு வாங்கினான்.
கேள்விக்குறி இருந்த மூன்றாவது இரவில்
பென்சிலால் ஒரு வட்டம் போட்டான்:
இங்கேயா?
நான்காவதில் இன்னொன்று, சற்றுச் சிறியதாக.
ஐந்தாவதில் புள்ளி.

தண்ணீராகவே போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லையாம்.
அப்பாவுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியும்,
பார்த்தால் கண்டுபிடிச்சிடுவார்.

ராத்திரி சுங்கப் படிவத்தை நிரப்பினேன்.
பழம், விதை, தேன், மண்,
பச்சை இறைச்சி, உயிருள்ளவை:
இல்லை, இல்லை, இல்லை.
பனிக்குக் கட்டம் இல்லை.
ஒருமுறைக்கு இரண்டுமுறை தேடிப் பார்த்தேன்.

யெர்கோ போன் செய்தான்.
எத்தனை நாள் என்று முடிவு செய்துவிட்டாயா?
ஐந்தும் ஒரு புள்ளியும் என்றேன்.
என்ன புள்ளி?

வண்டி பேட்டரியில் ஓடுகிற
குளிர்பெட்டி ஒன்று வேண்டும்.
எரிபெர்த்தோவிடம் இருக்கிறது, ஒயர்தான் இல்லை.
நாளை வாங்க வேண்டும், மூன்று மீட்டர்.
தொடையை ஊறவைத்திருக்கிறேன்.