தப்ப முடியாதவன்

முதுநகர் ஐஸ் பேக்டரி, ராத்திரி ஷிப்ட்.
ஜெய்லானிக்கு யானையும் சிப்பாயும்,
எனக்கு ஒண்டிக் குதிரை.

எட்டிப் பார்த்த லோடுமேன் காத்தமுத்து
பலகையைப் போனில் ஏற்றிச் சொன்னான்:
“அண்ணே, முப்பத்தோரு நகர்வுல நீங்க காலி.
எதை வச்சாலும் காலி.”

அப்படியென்றால்
இனி எதை வைத்தாலும் தப்பில்லை.
இதற்குமேல் கெடுக்க ஏதுமில்லாதவன்
குறையே இல்லாத ஆட்டக்காரன்.
இருபது வருஷத்தில்
இன்றைக்குத்தான் வாய்த்திருக்கிறது.

ஜெய்லானியோ வியர்க்கிறான்,
அத்தனை ஐஸ் கட்டிக்கு நடுவில்.
ஜெயிக்கப்போகிறவனுக்கல்லவா
தவறுவதற்கு இத்தனை கட்டங்கள்.

குதிரையை மூலைக்கு ஓட்டினேன்.
உப்பனாற்றில் ஒரு போட்
ஹாரன் அடித்தது. ஐஸ் உடைக்க
அவன் எழுந்தாக வேண்டும்.

போனுக்கு அது தெரியாது.