முப்பத்தொரு துண்டு

கோழி ஒன்றரைக் கிலோ.
கொஞ்சம் சின்னதா வெட்டு என்றேன்.
நிசாம் என் முகத்தைப் பார்க்கவில்லை,
கத்தியைத்தான் பார்த்தான். நல்லவன்.
கழுத்தும் ஈரலும் சேர்த்து முப்பத்தொன்று.
களியக்காவிளைச் சந்தையில்
கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் நின்று
துண்டு எண்ணியவள்
நான் மட்டுமாக இருக்க முடியாது.

இருபத்திரண்டு நாளாக மழை. பால்வெட்டு இல்லை.
ரப்பர் மரத்துச் சிரட்டையில்
தண்ணீர்தான் நிறைந்து வழிந்தது.
ஒட்டுப்பால் விற்று வந்தது ஆயிரத்து நானூறு,
சீட்டுக்கு ஐந்நூறு போனால்
மிச்சத்தை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

இஞ்சிவிளையில் தேங்காய் மூன்று ரூபாய் குறைவு.
மூன்று தேங்காய், ஒன்பது ரூபாய்.
ஒன்பது ரூபாய்க்காக நடந்தே
மாநிலம் தாண்டினேன்.
செக்போஸ்ட் கடந்ததும் போன் சிணுங்கியது:
கேரளத்துக்கு நல்வரவு.
திரும்பும்போது தமிழ்நாட்டுக்கு நல்வரவு.
இரண்டு அரசும் என்னை வரவேற்ற நாளில்
பையில் நாற்பத்தாறு ரூபாய் இருந்தது.

உருளைக்கிழங்கைக்
கோழித்துண்டின் அளவுக்கே நறுக்க வேண்டும்.
கோணல்மாணலாக, எலும்பு இருப்பது போல.
வறுத்தரைத்த தேங்காயில் வெந்துவிட்டால்
இரண்டும் ஒரே நிறம்.
கூடத்து பல்பு மங்கலாக இருக்கிறது,
மாற்றட்டுமா என்று கேட்டார் இவர்.
வேண்டாம், நட்சத்திரத்தின் வெளிச்சம்
எடுபடாமல் போகும் என்றேன்.

பிள்ளைகளுக்கு ராத்திரியே பாடம் நடந்தது.
இன்னும் கொஞ்சம் போடட்டா என்று கேட்டால்
என்ன சொல்லணும்?
"மதி, வயிறு நெறஞ்சாச்சு."
மூத்தவன் ஒரே தடவையில் தேறினான்.
சின்னவள் ஷைனியோ
"அப்போ கால் யாருக்கு?" என்றாள்.

ஷார்ஜாக் கொழுந்தன் ஜெயகரன்
எப்போதும் வாடகைக் காரில் வருகிறவர்,
இந்தத் தடவை குடும்பத்தோடு
பஸ்ஸில் வந்து இறங்கினார்.
கார் கிடைக்கல்ல மைனி, சீசன் அல்லவா என்றார்.
பிள்ளைகள் ஒரு வருஷம் வளர்ந்திருந்தார்கள்,
போன வருஷத்துச் சட்டைக்குள்.
லில்லிபுஷ்பம் பையிலிருந்து
பால்பவுடர் டின் ஒன்றை எடுத்துத் தந்தாள்.
அங்கேயிருந்து கொண்டு வந்ததாக்கும்.

அடுக்களையில் டின்னைக் கவிழ்த்துத் துடைத்தேன்.
அடியில் மஞ்சள் ஸ்டிக்கர்.
பாறசாலைக் கடையின் பெயர்,
விலை, ரூபாயில்.

நகத்தால் சுரண்டினேன்.
பாதி வந்தது, பாதி பசையாய் ஒட்டிக்கொண்டது.
தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன்.
நிமிர்ந்தால், வாசலில் லில்லிபுஷ்பம்.
எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.
சட்டியை எட்டிப் பார்த்தாள்,
கரண்டியால் ஒரு துண்டைப் புரட்டினாள்.
அது கிழங்கு.
அவளும் ஒன்றும் கேட்கவில்லை.
"அக்கா, ஆப்பம் நான் சுடட்டா?"
என்று சேலையை இடுப்பில் செருகினாள்.

உபதேசியார் ஜெபம் நீளமாகப் பண்ணினார்.
ஒன்பது பேர். நான் பரிமாறினேன்.
ஜெயகரன் ஒரு கிழங்கைப் பிட்டு வாயில் போட்டு
கறி பஞ்சு மாதிரி வெந்திருக்கு என்றார்.
எனக்கு இருமல் வந்தது.
இன்னும் கொஞ்சம்? என்று
அவருடைய மூத்த பையனிடம் குனிந்தேன்.
"மதி பெரியம்மா, வயிறு நெறஞ்சாச்சு,"
என் மகன் சொல்லும் அதே ராகத்தில்,
தாயின் கண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு.
சின்னவனும் மதி.
உபதேசியாருக்கும் மதி.
ஷைனி மட்டும் காலைக் கடித்துக்கொண்டிருந்தாள்,
சுற்றி நடப்பது எதுவும் தெரியாமல்.

சட்டியில் ஏழு துண்டு மிஞ்சியது.
கோழிதான். எண்ணிப் பார்த்தேன்.
வாழையிலையில் பொதிந்து
பஸ்ஸுக்குக் கிளம்பிய லில்லிபுஷ்பத்தின் பையில்
டின் இருந்த இடத்தில் வைத்தேன்.
அவள் மூன்றை எடுத்து என் சட்டியில் போட்டாள்.
நான் ஒன்றைத் திருப்பி வைத்தேன்.
பஸ் ஹாரன் அடித்தது.

மறுநாள் விடியலில் மழை விட்டிருந்தது.
டின்னை உடைத்துச் சாயா போட்டுக் கொடுத்தேன்.
கத்தியைக் கல்லில் தேய்த்துக்கொண்டே
ஒரு மடக்கு குடித்த இவர்
"அந்த ஊர்ப் பாலுக்கு ஒரு தனி மணம் உண்டு, இல்லையா?" என்றார்.

உண்டு என்றேன்.