பினாமி

அந்தத் தொழிலுக்கு டெட்ராய்டில் பெயர் கிடையாது.
நம்மிடம் உண்டு: பினாமி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு.
ஒடோன் ஷிபோஷுக்கு
மெருகுப் பட்டறையில் வேலை போய்ப் பதினோரு மாதம்.
டெல்ரேயில் வாடகை பாக்கி.
செருப்புக்குள் மடித்து வைத்த செய்தித்தாள்,
அதிலும் வேலை காலி இல்லை.
ஆனால் மிச்சிகன் அரசின் பதிவேட்டில்
அவன் பெயரில் ஏழு காடிலாக்குகள்.

காட்சிக்கூடத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது.
எழுதாததால் யாராலும் அழிக்க முடியவில்லை.
கறுப்புக் கை நீட்டும் பணம் கல்லாவைத் தொடாது.
பழுது பார்க்க வந்தால் மட்டும்
பின்வாசல் திறக்கும்.

ஆகவே ஷிபோஷ்.
வாடகைக்கு ஒரு கோட்டு, ஒரு சவரம்,
ஹங்கேரிய உச்சரிப்பை மறைக்கத்
தொண்டை கட்டியதாக ஒரு பாவனை.
பணக்காரர்கள் எப்படியும் அதிகம் பேசுவதில்லை.
விற்பனையாளன் நாற்காலியை இழுத்துப் போடுவான்.
பதினாறு சிலிண்டரின் அமைதியை
அந்தரங்கம் போலக் காதில் சொல்வான்:
"எஞ்சின் ஓடும்போது மூடிமேல்
நாணயத்தை நிமிர்த்தி வையுங்கள் ஐயா, விழாது."
ஷிபோஷிடம் அன்று நாணயம் இல்லை,
இரண்டு அர்த்தத்திலும்.

கையெழுத்து. சாவி.
இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை முனையில்
ஆர்டீலியா ஸ்பென்ஸ் நிற்பாள்,
ஹேஸ்டிங்ஸ் தெருவில் சவ அடக்க நிலையம் நடத்துபவள்.
கையுறையைக் கழற்றாமல்
முந்நூறு டாலர் எண்ணிக் கொடுப்பாள்.
"உனக்கு ஓட்டத் தெரியுமா?" என்று ஒருமுறை கேட்டாள்.
இரண்டு தெரு தெரியும் என்றான்.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
இரண்டரை நூற்றாண்டு முன்னால்
பிரான்சிலிருந்து வந்த வக்கீல் மகன் ஒருவன்
சொந்தப் பெயரைக் கழற்றி எறிந்துவிட்டு
ஒரு பிரபுவின் பெயரை மாட்டிக்கொண்டான்.
கேடயம், கிரீடம், காலில்லாப் பறவைகள்,
எல்லாம் தானே வரைந்துகொண்டவை.
பிறகு ஆற்றோரம் இந்த ஊரை நிறுவினான்.
கம்பெனி எடுத்துக்கொண்டது அந்தப் பெயரைத்தான்,
அந்தக் கேடயத்தைத்தான்.
ஒவ்வொரு காரும்
மூக்கில் அந்தப் பொய்யோடுதான் ஆலையை விட்டு இறங்கியது.

முப்பத்து நான்கில்
பட்டறைப் பின்வாசலில் யார் வருகிறார்கள் என்று
யாரோ எண்ணிப் பார்த்தார்கள்.
முன்வாசல் திறந்தது.
அறம் என்று சொல்லாதீர்கள், கணக்கு.
ஆர்டீலியா தன் பெயரில் வாங்கப் போனாள்.
அதே விற்பனையாளன், அதே நாற்காலி.
அவள் உட்காரவில்லை.
நின்றபடியே கையெழுத்திட்டாள்,
மை காயும்வரை காகிதத்தைக் கொடுக்கவில்லை.

ஷிபோஷின் தொழில் படுத்தது.
போர் வந்தது, அதே ஆலையில் டாங்கிகள்.
போர் முடிந்தது, மறுபடி மெருகு,
பம்பருக்குப் பின் பம்பர்
அவன் முகத்தைக் கோணலாகக் காட்டிவிட்டு நகர்ந்தது.
நாற்பத்தெட்டில் கார்களுக்கு வால் முளைத்தது.
முதலில் மீனுடையது போல,
பிறகு விமானம்,
பிறகு ராக்கெட்.
வால் வளர வளர
ஹேஸ்டிங்ஸ் தெரு குறைந்துகொண்டு வந்தது.
அதன் மேல் நெடுஞ்சாலை போடத் திட்டம்.
சாலைக்குச் சூட்டியது போட்டிக் கம்பெனியின் பெயர்.

ஐம்பத்தொன்பது, வால்கள் உச்சத்தில் இருந்த வருடம்.
டொலிடோவிலிருந்து ஒரு கடிதம்:
பழைய இரும்புக் கிடங்கில் ஒரு வாகனம்,
பதிவில் உரிமையாளர் ஒடோன் ஷிபோஷ்,
நிறுத்தி வைத்த கட்டணம் பதினொரு டாலர்.
ஏழில் ஒன்றைப் பெயர் மாற்றாமலே
ஆர்டீலியா போய்ச் சேர்ந்திருந்தாள்.

பஸ் பிடித்துப் போனான்.
இருக்கையில் எலிகள் குடித்தனம்.
கண்ணாடி இல்லை, நாலு சக்கரமும் இல்லை.
கேடயம் மட்டும் அப்படியே.
சட்டைக் கையால் ஒரு துடை துடைத்தான், பழக்க தோஷம்.

இந்த முறை சட்டைப்பையில் ஒரு நாணயம் இருந்தது.
மூடிமேல் நிமிர்த்தி வைத்துவிட்டு
விரலை எடுத்தான்.
நின்றது.
எஞ்சின் ஓடவில்லை,
அது வேறு விஷயம்.