எட்டாயிரம் வித்தியாசம்

வள்ளியூர் பஜாரில் காசிம் கடை.
கண்ணாடி மேசையில் இரண்டு கைக்கடிகாரம் எடுத்து வைத்தான்.
ஒரே கறுப்பு, ஒரே வார்,
திருப்பிப் போட்டாலும் இரட்டைப் பிள்ளைகள்.
"இதுல சிம் உண்டு அண்ணாச்சி. போன் வீட்ல கெடக்கட்டும்,
இதுலயே பேசலாம்.
அதுல ஜிபிஎஸ் மட்டுந்தான்.
நீங்க எங்க நிக்கியன்னு அதுக்குத் தெரியும்,
தானா யாரையும் கூப்பிட்டுச் சொல்லாது."
விலையை வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் காட்டினான்.
எட்டாயிரம் வித்தியாசம்.
மாசாமாசம் தனிக் காசு வேறு.

நான் காத்தாலைக்காரன்.
பணகுடிக்கும் காவல்கிணற்றுக்கும் நடுவில்
முப்பத்தொரு காத்தாலை என் பொறுப்பு.
ஏறும்போது போன் ஜீப்பில் கிடக்க வேண்டும், கம்பெனிச் சட்டம்.
சட்டம் வருவதற்கு முன்னால் அருளப்பனின் போன் ஒன்று
எண்பது மீட்டர் இறங்கி,
உடைமரத்து முள்ளில் கவரை மட்டும் மாட்டிவிட்டுப் போனது.

மேலே மூன்று மணி நேரம்.
கிரீஸ், போல்ட், பல் தேய்ந்த சக்கரம்.
மூடியைத் திறந்தால் ஒரு பக்கம் மகேந்திரகிரி,
மறுபக்கம், வெயில் தெளிந்த நாளில்,
கடல் என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் ஒரு வெள்ளைக் கோடு.
கீழே டேஷ்போர்டில் போன் அடித்து அடித்து ஓயும்.
இறங்கி வந்து எண்ணுவேன். ஏழு. சில நாள் பதினொன்று.
வண்டித் தவணைக்காரன் மூன்று தடவை,
பள்ளிக்கூட வேன் டிரைவர்,
ஜாமீன் கையெழுத்துக்குச் சகலை.
ஒரே ஒரு முறை, மகனுக்கு நெற்றி கிழிந்து போன்.
நான் போய்ச் சேர்ந்தபோது நாலு தையல் போட்டு முடிந்து
பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.
எதிர்வீட்டு டெய்சி டீச்சர் ஸ்கூட்டரில் கொண்டுபோனாராம்.
நான் இல்லாமலே நடந்து முடிந்த அந்த மத்தியானம்
எனக்குள் எங்கே வலிக்கிறது என்று
இன்னும் பிடிபடவில்லை.

அதற்காகத்தான் சிம் உள்ளதைத் தொட்டேன்.
பொய் எதற்கு, மற்றதையும் தொட்டேன்.
மூன்று மணி நேரம் யாருக்கும் கடன்படாத காது
இந்த வட்டாரத்தில் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

சுடலைவடிவுக்குப் போன் போட்டேன்.
சிம் உள்ளதைத்தான் சொல்லுவாள் என்று
அதற்குள் சீட்டுப் பணத்தை மனசுக்குள் உடைத்தும்விட்டேன்.
குக்கர் விசில் அடங்கக் காத்திருந்தாள்.
"பேசுத வாட்சு வேண்டாம்."
"ஏன், துட்டுக்குப் பாக்கியா?"
"துட்டு கெடக்கு.
நான் கூப்பிட்டா நீங்க எடுப்பியள்லா."
"எடுக்கத்தானே..."
"எடுக்க ஒரு கைய விடணும்லா."

காசிம் துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தான்.

பதினோரு வருசம்.
ஏணி எத்தனை படி என்று நான் அவளிடம் சொன்னதில்லை.
கொக்கி மாற்றும்போது
ஒற்றைக் கொக்கியில் ஆள் நிற்கும் அந்த நொடியைப் பற்றி
மூச்சு விட்டதில்லை.
நான் மேலே இருக்கும் நேரத்து அழைப்புகளில்
ஒன்றுகூட அவளுடையது இல்லை என்று
அப்போதுதான் உறைத்தது.
நெற்றி கிழிந்த அன்றைக்கும்
கூப்பிட்டது டெய்சி டீச்சர்தான்.

மலிவானதைக் கட்டிக்கொண்டு மறுநாள் ஏறினேன்.
காலையில் ஒன்று, சாயங்காலம் அதே காத்தாலை இன்னொரு தடவை.
இரும்புக் குழாய்க்குள் சாட்டிலைட்டைத் தேடித் தேடி
திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
மூடியைத் திறந்த பிறகுதான் பிடித்தது.

ராத்திரி மகன் வரைபடத்தை விரித்தான்,
தழும்பைச் சொறிந்தபடியே.
பொட்டல். பொட்டலில் ஒரு நீலப் புள்ளி.
"நாள் பூரா ஒரே எடத்துல நின்னுருக்கீங்கப்பா."
ஆமா என்றேன்.
சுடலைவடிவு ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள்.
"ஒசரம் இதுல காட்டாதோ?"
"காட்டும்னு நெனைக்கேன்.
எங்க அமுக்கணும்னுதான் தெரியல."
தெரிந்தேதான் சொன்னேன்.
அவளும் தேடச் சொல்லவில்லை.