ஒன்பதாவது சுற்று

முராவின் வலது காதுக்கு நுனி இல்லை.
பிறந்த மார்ச் இரவில் உறைபனி தின்றது.
உடம்பின் ஈரம் துடைக்க யாரும் எழுந்து போகவில்லை.
ராங்வால்ட் தூங்கிக்கொண்டிருந்தான்;
இதை ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறான்.

ஜூன் மாதம் யெம்ட்லாண்டில் இருட்டுவதில்லை.
கொசுவைவிடச் சின்னக் கறுப்பு ஈக்கள்
ஆற்றிலிருந்து புகையாக எழும்பி வந்து
குதிரைக் காதின் உள்மயிருக்குள் இறங்கும்.
ரத்தம் காணாமல் திரும்பாது.

கடையில் விற்கிற காதுமூடியில் இரண்டு காதும் சமம்.
மாட்டிவிட்டால் வலப்பக்கக் கூம்பு
ஆளில்லாத சட்டைக் கைபோலத் தொங்கி ஆடும்.
அதற்கே மிரண்டு
வேலிக் கம்பம் இரண்டைச் சாய்த்தாள்.

எனக்கு ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் இரவு வேலை.
ஓர் அழைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே
மூன்றரை மில்லிமீட்டர் குரோஷே ஊசி.
நூல் ஆரஞ்சு நிறம்:
செப்டம்பரில் துப்பாக்கியோடு வருகிறவர்களுக்கு
இது கடமான் இல்லை என்று தெரிய வேண்டுமே.

அளவெடுப்பதுதான் பெரும்பாடு.
காபி வடிகட்டும் காகிதக் கூம்பைச் செருகிப் பார்த்தேன்.
சரசரப்பில் தலையை உதறினாள், என் உதடு கிழிந்தது.
பிறகு கையாலேயே அளந்தேன்.
இடது: நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை.
வலது: உள்ளங்கையோடு சரி.
அறுந்த விளிம்பு
தேய்ந்த சோப்பின் ஓரம்போல வழவழப்பு.

இடதுக்குப் பதினான்கு சுற்று. வலதுக்கு ஒன்பது.

ராங்வால்ட் வந்தான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.
வெள்ளிக்கிழமை ஓஸ்டெர்சுண்டிலிருந்து
வாங்க ஆள் வருகிறதாம்.
“அதையும் பதினான்கு போடேன், ஹில்லெவி.
உள்ளே பஞ்சு வை.
காதையா பூட்டி மரம் இழுக்கப்போகிறார்கள்?”

போட்டேன். அவன் கடன் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
பத்து, பதினொன்று, பன்னிரண்டு…
நுனியில் ஆட்டு ரோமத்தைத் திணித்ததும்
நிமிர்ந்து நின்றது,
குதிரைக்கொம்பு.
ஒருத்தர் காதில் பூச்சுற்ற
முதலில் ஒரு குதிரையின் காதில் நூல் சுற்றவேண்டியிருக்கிறது.

வியாழன், அதிகாலை இரண்டு மணி, வெளியே பகல்.
ஒரு பெண். கணவனுக்கு
மூச்சு இருக்கிறதா தெரியவில்லை என்கிறாள்.
உங்கள் காதை அவர் வாயருகே வையுங்கள் என்றேன்.
வைத்தாள்.
நானும் கேட்டேன், இந்த முனையில்:
ஜாக்கெட் உரசும் ஓசை,
எங்கோ ஒரு கடிகாரம்,
நெடுநேரம் ஒன்றுமில்லை,
பிறகு

இருக்கு, என்றாள்.

வண்டி போய்ச் சேர்ந்த தகவல் வந்தபின்
முடிச்சை வெட்டி நூல் முனையை இழுத்தேன்.
பின்னத்தான் ஊசி வேண்டும்.
பிரிக்க, ஒரு விரல்.
பதின்மூன்று, பன்னிரண்டு; மடியில் ரோமம் உதிர்ந்தது.
ஒன்பதில் வாயைச் சுருக்கிக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை
ஒரு காது நெட்டை, ஒரு காது குட்டையாக
ஆரஞ்சுத் தலையோடு நின்றாள் முரா.
ராங்வால்ட் என்னைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்தான்.
வந்தவள் பெயர் தூர்போர்க், ரப்பர் பூட்ஸில் மரத்தூள்.
குதிரையை மூன்று முறை சுற்றி வந்தாள்.
“அந்தப் பக்கம் கேட்குமா?”
தாழ்ந்த குரலில்தான் கேட்டாள்.
முரா அந்தக் குட்டைக் காதைத் திருப்பி
அவளுக்குக் கொடுத்தாள்.

விலையில் இரண்டாயிரம் குறைத்துத்தான் வாங்கினாள், அது வேறு.
ஆகஸ்ட் வரை ராங்வால்ட் என்னோடு பேசவில்லை.
காதுமூடிக்குக் காசும் தரவில்லை.

நேற்று தூர்போர்க்கிடமிருந்து செய்தி:
தாடைக் கயிற்றை மென்று தின்றுவிட்டாளாம்,
இன்னொன்று கிடைக்குமா?

இழுப்பறையில் அந்த ஐந்து சுற்று நூல் கிடக்கிறது.
எவ்வளவு நீட்டினாலும் பழைய வளையங்களுக்கே சுருள்கிறது.
கயிறு திரிக்க
அது போதும்.