இருபது லட்சம்

எண்ணைக் கேட்டதும் முதலில் சந்தோஷம்தான் வந்தது.
இருபது லட்சம்.
ஏழு வருடம் ஃபஹாஹீலில் திஷ்தாஷா தேய்த்தும்
நான் மொத்தமாய்ப் பார்த்திராத தொகை.
டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.
"ஒரு மில்லியில் ஒன்றரைக் கோடிக்கு மேல் இருக்கணும்.
இருக்கிறதிலும் பாதி நகரவில்லை."

அதற்கு முந்தின வாரம், ஜனவரிக் குளிரில்,
ஸ்டிக்கரில் இருந்த பெயரை நர்ஸ் கூப்பிட்டார்:
குழந்தைவேலு.
பத்தனம்திட்டாக்காரர், அர்த்தம் புரிந்திருக்கும்.
சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு நன்றி பாக்கி.
தாழ்ப்பாள் சரியாக விழாத அறை.
சுவரில் அருவிப் படம்.
வெளியே யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள்.
மூடிய கப்பைச் சூடு ஆறாமல்
சட்டைக்குள் அணைத்துக் கவுண்டர்வரை நடந்தேன்.

"எத்தனை வருடமாக முயற்சி?"
"ஆறு."
"அதில் சேர்ந்திருந்தது எத்தனை நாள்?"
பாஸ்போர்ட்டில் முத்திரைகளைப் புரட்டிக் கூட்டினேன்.
கல்யாண லீவோடு நூற்று முப்பத்தொன்பது.
அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினெட்டைக் கழிக்கணும்.
"வேலை?"
"இடுப்புயரத்தில் நீராவி, பத்து மணி நேரம்."
அதையும் எழுதிக்கொண்டார்.

இந்த ஆறு வருடமும் சோதனை அவளுக்கு மட்டும்.
ரத்தம், ஸ்கேன், குழாயில் மருந்து ஏற்றி எடுத்த படம்,
அரியலூர் வைத்தியரின் கசாயம்.
வளைகாப்புக்குக் கூப்பிடாமல் விட்டாள் அக்கா.
"ஆம்பளைக்கு என்ன சோதனை" என்றது
அம்மா இல்லை, அக்கா இல்லை.
நான்தான்.

ரிப்போர்ட்டைப் பெட்டியின் அடியில் ஜட்டிகளுக்குக் கீழே வைத்தேன்.
எட்டுப் பேர் அறையில் எனக்குப் பூட்டுள்ள ஒரே இடம்.
நாலு ராத்திரி தூக்கமில்லை.
ஐந்தாம் ராத்திரி கீழ்க்கட்டிலிலிருந்து மக்தூம்:
"என்னப்பா, மேலே பலகை முனகிட்டே கிடக்கு?"
சொல்லிவிட்டேன். ஏனென்று தெரியாது.
இருட்டில் முகம் தெரியாதது ஒரு வசதி.
ரொம்ப நேரம் சத்தமில்லை. பிறகு,
"தலைவலி மாத்திரைன்னு தினம் போடுறேனே,
அது தலைவலிக்கு இல்ல."

வெள்ளிக்கிழமை இருவரும் கடலோரம் நடந்தோம்.
தூரத்தில் எண்ணெய் ஆலையின் தீ பகலிலும் எரிந்தது.
அவருக்கு எண்ணே இல்லை, பூஜ்யம்.
எனக்கு விரைக்கு மேலே ரத்தக்குழாய் புடைத்திருக்கிறது.
சின்ன ஆபரேஷன். உதவலாம், உதவாமலும் போகலாம்.
விரை, விந்து என்று
கெட்டவார்த்தையாக இல்லாமல் உரக்கச் சொன்னது
அன்றுதான் முதல் தடவை.

இளவரசியிடம் வீடியோவில் சொன்னேன்,
கேமராவைக் கூரைப்பக்கம் திருப்பிவிட்டு.
அழுவாள் என்று நினைத்தேன்.
"மூஞ்சியைக் காட்டுங்க."
காட்டினேன்.
"அந்தக் காகிதத்தை உங்க அக்காவுக்கு அனுப்புங்க.
இன்னைக்கே."

அனுப்பினேன். நீல டிக் விழுந்தது.
மூன்று நாள் ஒன்றுமில்லை.
நாலாம் நாள் ஒரு வரி:
"இளவரசி நம்பர் மாத்திட்டாளா?
போன் எடுக்க மாட்டேங்குறா."

முதலாளியிடம் கேட்டு டெலிவரிக்கு மாறிக்கொண்டேன்.
முதுகுவலி என்றேன்.
எல்லோரிடமும் தைரியம் வருவதில்லை.
புதிதாய் ஒன்று உருவாகி முடிய
எழுபது நாளுக்கு மேல் ஆகுமாம்.
தையல் பிரித்து இன்று பதினொன்று.
ஊரில் அவள் கசாயச் சட்டியைக் கவிழ்த்துவிட்டாள்.
பலன் தெரிந்ததால் இல்லை, கசந்ததால்.

மக்தூமின் மாத்திரை தீர்ந்துவிட்டது.
சாயங்காலம் மருந்துக்கடைக்குக் கூடப் போகணும்.
கவுண்டரில் பெண் இருந்தால்
அவருக்கு வாய் வராது.
நான் கேட்பேன்.