முப்பத்தொன்றில் முன்னாள்

ரோஸ் நிறச் சீட்டு ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
மன்னார்குடியில் கட்டுப் பிரிக்கும்போது நான் ஏணிக்கு ஏஜெண்டு.
ஏணி என் மாமனார்.
கோவேந்தன் பூட்டு சாவி.
ஏழு ஓட்டில் எங்களைப் பூட்டிவிட்டுப் போனான்.
செல்லாதவை பத்தொன்பது:
ஏணி மேல் ஒன்று, பூட்டு மேல் ஒன்று குத்தி
ரெண்டு பேர் மனசும் நோகாமல் பார்த்துக்கொண்ட நல்லவர்கள்.

உண்மையில் நிற்க வேண்டியவன் அவன் இல்லை.
அரிசி மில் பக்கிரிசாமி
பிரசிடெண்டு ஆக்கவென்று வளர்த்தது மூத்தவனை.
கல்யாணம், கருமாதி, காதுகுத்து,
எங்கும் முதல் நாற்காலி சேரலாதனுக்கு.
கோட்டூர்ச் சாலையில் நெல் லாரி சாய்ந்த ராத்திரிக்குப் பிறகு
மடித்த வெள்ளைச் சட்டைகள் ஒரு வருஷம் பீரோவில் இருந்தன.
அப்புறம் தையல்காரரைக் கூப்பிட்டு
தோளைக் குறுக்கச் சொன்னார்கள்.

இளையவனுக்கு முதுகு சரியில்லை.
பாலிடெக்னிக் முடித்துப் படுத்தே படித்துக்கொண்டிருந்தவன்.
சட்டைக்குள் தோல் பெல்ட்டு இறுக்கியிருப்பான்,
அதனால் வளைய முடியாது.
ஊர் அதைக் கம்பீரம் என்றது.
தெரிந்திருந்தால்
அந்த பெல்ட்டை வைத்தே நாங்கள் ஒரு நோட்டீஸ் அடித்திருப்போம்.

கஜா அடித்த விடியலில்
தென்னையெல்லாம் தலையைக் கிழக்கே வைத்துப் படுத்திருக்க
கோரையாற்றுக்கு அக்கரையில் கால் முறிந்து கிடந்த முருகையனை
வாழைமரத் தெப்பத்தில் போட்டு,
கயிற்று நுனியைப் பல்லில் கடித்தபடி நீந்தி வந்தான் என்கிறார்கள்.
நான் பார்க்கவில்லை.
முருகையன் வீட்டில் எட்டு ஓட்டு.

காசும் கொடுத்தார்கள், ஏன் மறைக்க.
ஓட்டுக்கு முன்னூறு.
நாங்கள் இருநூறும் ஒரு எவர்சில்வர் தட்டும்.
அவனுக்குக் குத்திவிட்டு வந்து
எங்கள் தட்டில் சாப்பிட்டார்கள்.

ஆனால் நாங்கள் தோற்றது அதற்கும் முன்னால்,
காந்தி ஜயந்தி கிராம சபையில்.
ரெண்டு முறை இருந்தவர் மாமனார். மைக்கைப் பிடித்துக் கேட்டார்:
"மில்லு வீட்டுப் புள்ளைக்குச் சுடுகாட்டுப் பாதை தெரியுமா?"
"தெரியும்யா. அண்ணனைத் தூக்கிக்கிட்டு
முழங்கால் சேத்துல போனேன்.
கீழத்தெருவுக்கு அந்தச் சேறும் இல்ல,
பொணத்தோட வாய்க்கால்ல இறங்குறாங்க.
ரெண்டு முறை இருந்தீங்க, நீங்க பார்க்கலியா?"
மின்விசிறிக்கு நேர் கீழே நின்று மாமனாருக்கு வேர்த்தது.
யாரோ போனில் எடுத்தார்கள்.
சத்தம் சரியாகக் கேட்கவில்லை அதில்.
வேர்வை தெரிந்தது.

வந்ததும் ஊராட்சி அலுவலகத்துக்குச் சுண்ணாம்பு அடித்தான்.
வெள்ளை மாளிகை என்று டீக்கடையில் சிரித்தோம்.
பள்ளிக்கூட வினாடி வினாவில்
'சின்ன வயதிலேயே பிரசிடெண்ட் ஆனவர் யார்?'
அமெரிக்காவைப் பற்றிய கேள்வி.
ஆறாம் வகுப்புப் பெண்ணொருத்தி கோவேந்தன் என்று எழுதினாள்.
டீச்சர் அரை மார்க் போட்டார்.

பாதை போட்டான்.
அப்பன் வயலை நறுக்கித்தான் போட்டான்.
பக்கிரிசாமி மகனோடு ரெண்டு மாசம் பேசவில்லை.
ரோலர் ஓட்டி முடித்த வாரம் கொரோனா.
பிளாஸ்டிக்கில் சுற்றி வந்த மாமனாரை
எங்கள் ஆட்கள் நூறடி தள்ளி நின்று பார்த்தோம்.
பாடையின் முன்பக்க வலது மூலை அவனுடையது.
உறைச் சட்டைக்கு மேலேயே பெல்ட்டு கட்டியிருந்தான்.
அன்றைக்குத்தான் அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும்.
யாரிடமும் சொல்லவில்லை.

போன மார்கழிக் கடைசியில் பதவிக்காலம் முடிந்தது.
அடுத்த தேர்தல் எப்போது, யாருக்கும் தெரியாது.
பெயர்ப் பலகையில் அவனை அழித்துத்
'தனி அலுவலர்' என்று எழுதினான் பெயிண்டர்.
கோவேந்தனின் 'கோ' மட்டும்
வெள்ளைக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தது.
ரெண்டாம் கோட்டிங்குக்குக் காசு இல்லையாம்.

முப்பத்தொன்றில் முன்னாள்.
டீக்கடைப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான், நிமிர்ந்தேதான்.
போன் அடித்தது. ஸ்பீக்கரில் கத்துகிறார்கள்:
"பிரசிடெண்டே, வடிகால் அடைச்சிருக்கு, கதிரு மூழ்குது!"
"நான் இப்ப பிரசிடெண்டு இல்லண்ணே."
"அதை அப்புறம் பேசிக்கலாம், மண்வெட்டி எடுத்துட்டு வா."

எழுந்திருக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
நான் கை கொடுத்தேன்.
ஏழு ஓட்டு பாரம் இல்லை, நல்ல கனம்.